ஏலமலையில் லேவியராகமம் 19

வேத வசனத்தை அன்றாட வாழ்க்கையில் கைக்கொள்வது எப்படி என்று எந்தச் சபையில் கேட்டாலும் பதில் தயாராக இருக்கிறது. அதிகாலையில் எழுந்து ஜெபம் பண்ண வேண்டும். நாளுக்கு ஒரு அதிகாரமாவது வாசிக்க வேண்டும். சாயங்காலம் குடும்ப ஜெபம் நடத்த வேண்டும். பொய், குடி, சினிமா கூடாது. தசமபாகம் தவறக் கூடாது. புத்தாண்டு ஆராதனையில் கைக்கு வந்த வாக்குத்தத்த அட்டையின் வசனத்தை வருஷம் முழுக்க அறிக்கை செய்ய வேண்டும். இத்தனையும் செய்கிறவரை வசனத்தின்படி வாழ்கிறவர் என்று சபை மதிக்கிறது.

இவற்றில் எதையும் விட்டுவிடச் சொல்ல நான் வரவில்லை. ஜெபம் இல்லாமல் கிறிஸ்தவ வாழ்வு இல்லை என்று முழு மனதோடு நம்புகிறேன். வசனத்தைக் கைக்கொள்வது இந்தப் பட்டியலோடு முடிந்துவிடுகிறது என்கிறார்களே, தோட்டத்துக் கூலியும் கடைத் தராசும் ஜீப்பில் ஏற்றும் ஆள் கணக்கும் ‘உலக காரியம்’, ஆவிக்குரியவர்களுக்கு அதில் வேலையில்லை என்கிறார்களே, அந்த எண்ணத்தைத்தான் மறுக்கிறேன். அது வேதத்துக்கு விரோதமான எண்ணம். போடிமெட்டு ஏறிப் பிழைக்கிற ஊர்களில் அது ஏழைகளின் வயிற்றிலும் அடிக்கிறது.

இந்த மலையின் பிழைப்பைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போடிநாயக்கனூரில் விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். முந்தலைத் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதற்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம்: பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி, உடும்பன்சோலை என்று ஏலத்தோட்டங்கள் விரிகின்றன. ஜீப்புகளில் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரடியிலிருந்து தரையோடு ஓடும் சரத்தில் காய்க்கிறது. விளைந்த காயை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும், பிஞ்சைத் தொடக் கூடாது. மழையிலும் அட்டைக் கடியிலும் நாள் முழுக்கக் குனிந்தபடி செய்கிற வேலை அது. பறித்த பச்சைக்காய் ஸ்டோரில் உலர்ந்து, ஏறக்குறைய 5 கிலோ 1 கிலோவாகச் சுண்டி, நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்துக்கு வருகிறது. அந்த ஏலம் நடக்கிற இடங்கள் இரண்டு: மலைக்கு மேலே புத்தடி, மலைக்குக் கீழே போடி.

இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். தோட்டக்காரர்களில், வேலையை மேற்பார்க்கிற கண்டக்டர்களில், ஜீப் ஓட்டுகிறவர்களில், காய் வாங்கி விற்கிறவர்களில், வட்டிக்குக் கொடுக்கிறவர்களில், குனிந்து காய் எடுக்கிற பெண்களில். ஞாயிற்றுக்கிழமை எல்லார் கையிலும் இருப்பது ஒரே வேதப் புத்தகம். அந்தப் புத்தகம் திங்கட்கிழமை இவர்களுக்குள் நடக்கிற கொடுக்கல் வாங்கலைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையா? பக்கம் பக்கமாகச் சொல்கிறது. நாம் நேசிக்கிற வசனங்களுக்குப் பக்கத்திலேயே நின்று சொல்கிறது. நாம்தான் அவற்றைத் தாண்டிப் போகிறோம்.

தசமபாகத்தையே எடுத்துக்கொள்வோம். அதைப் பற்றிப் பிரசங்கம் என்றால் மல்கியா 3:10 வராமல் இருக்காது. பண்டசாலைக்குக் கொண்டு வாருங்கள், வானத்தின் பலகணிகள் திறக்கும் என்ற வாக்குறுதி நம் சபைகளில் குழந்தைகளுக்கும் மனப்பாடம். அதே அதிகாரத்தில் ஐந்து வசனம் மேலே போனால் கர்த்தர் ஒரு வழக்கு மன்றத்தைக் கூட்டுகிறார். தாமே தீவிரமான சாட்சியாக வருவேன் என்கிறார். யாருக்கு விரோதமாக? சூனியக்காரர், விபசாரக்காரர், பொய்யாணை இடுகிறவர் என்று அடுக்கிக்கொண்டே வந்து, கூலிக்காரனின் கூலியை அபகரிக்கிறவரை அதே வரிசையில் நிறுத்துகிறார். விதவையையும் தகப்பனற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவரும், அந்நியனின் நியாயத்தைப் புரட்டுகிறவரும் கூடவே நிற்கிறார்கள். சூனியத்துக்கு எதிராக உபவாச ஜெபம் வைக்கிற சபை, அதே வசனத்தில் அதே மூச்சில் சொல்லப்பட்ட கூலிக் களவுக்கு எதிராக ஒரு ஞாயிறாவது வாய் திறந்ததா? காணிக்கையைக் கேட்கிற கர்த்தரை மேடையில் ஏற்றிவிட்டு, கூலிக் கணக்கைக் கேட்கிற கர்த்தரை வாசலில் நிறுத்துவது வேதத்தைப் பிரசங்கிப்பது ஆகாது.

“அதெல்லாம் பழைய ஏற்பாடு, நாம் கிருபையின் கீழ் இருக்கிறோம்” என்ற பதில் உடனே வரும். மல்கியாவின் பத்தாம் வசனம் மட்டும் எப்படிக் கிருபையின் காலத்துக்குள் வந்தது என்று அவர்கள்தான் விளக்க வேண்டும். அது கிடக்கட்டும், புதிய ஏற்பாட்டுக்கே வருவோம். வியாதியஸ்தருக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும்போது நம் ஊழியர்கள் திறப்பது யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம், 14ஆம் வசனம். அதே அதிகாரத்தின் நான்காம் வசனம் வயல் அறுத்தவர்களின் பிடித்து வைத்த கூலியைப் பற்றியது. அந்தக் கூலியே கூக்குரல் இடுகிறது என்றும், அறுத்தவர்களின் சத்தம் சேனைகளுடைய கர்த்தரின் காதில் ஏறிவிட்டது என்றும் எழுதுகிறார் இயேசுவின் சகோதரர் என்று சபை மரபு சொல்லும் யாக்கோபு. எண்ணெய்க் குப்பியோடு வீடு வீடாகப் போகிறவர்களின் கண்ணில், பத்து வசனம் மேலே இருக்கிற அந்தக் கூக்குரல் படாமல் போனது எனக்குப் பெரிய துக்கம்.

எல்லாவற்றுக்கும் மேல் லேவியராகமம் 19 இருக்கிறது. உன்னைப்போலப் பிறனையும் நேசி என்ற கட்டளை முதலில் எழுதப்பட்ட இடம் அந்த அதிகாரத்தின் 18ஆம் வசனம். இயேசு தெரிந்தெடுத்துச் சொன்ன இரண்டு பெரிய கட்டளைகளில் ஒன்று. நாம் அதை அங்கிருந்து பிடுங்கி எடுத்து, மனசுக்குள் பொங்குகிற ஓர் இரக்க உணர்ச்சியாக மாற்றிவிட்டோம். அது முளைத்த மண்ணைப் பாருங்கள். வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, உதிர்ந்த திராட்சையைப் பொறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் விடு என்கின்றன 9, 10. கூலிக்காரனின் கூலி விடியுமட்டும் உன்னிடம் தங்கக் கூடாது என்கிறது 13. செவிடனை நிந்திக்காதே, குருடனுக்கு முன் தடுக்கல் வைக்காதே, நியாயத்தில் ஆள் பார்க்காதே என்று அதன் பின் வருகிறது. அப்புறம்தான் நேசக் கட்டளை. பிறகு 34இல், உங்களிடத்தில் தங்குகிற அந்நியனையும் உன்னைப்போல நேசி. 35, 36இல் தராசும் படிக்கல்லும் மரக்காலும் சரியாக இருக்கட்டும். அதாவது அன்பு என்றால் என்ன என்று வேதம் சொல்லும்போது அறுவடை, கூலி, தராசு, வெளியூர் ஆள் என்றுதான் சொல்கிறது. ஏலமலையில் இவை நான்கும் ஒரே நாளில், ஒரே தோட்டத்தில் நம் முன்னால் வந்து நிற்கின்றன. எல்லை தாண்டி வேலைக்குப் போகிற தமிழ்ப் பெண் அங்கே அந்நியமானவள். இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் குடும்பத்தோடு வந்து அதே தோட்டங்களில் தங்கி வேலை செய்கிறவர்கள், தமிழும் மலையாளமும் தெரியாத அந்நியர். இவர்களைத் தவிர்த்துவிட்டு அந்த அதிகாரத்தைக் கைக்கொள்ள வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

தோட்டக்காரர்கள் சொல்கிற நியாயத்தையும் கேட்க வேண்டும். அதில் உண்மை இருக்கிறது. ஏலக்காய் விலை யார் கையிலும் நிற்பதில்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தோட்டங்கள் அழிந்தன, அடுத்து மழை பொய்த்தது, வரத்து குறைந்து 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ 7000 ரூபாயைத் தொட்டது. மூன்று ஆண்டுக்குள் அதே காய் ஆயிரத்துக்கும் கீழே விழுந்தது. உரமும் மருந்தும் மட்டும் விலை இறங்கவில்லை. ஓரிரு ஏக்கர் வைத்திருக்கிற சிறு விவசாயி தானே கடனாளி. “எங்களுக்கே பணம் வரவில்லை, கூலி ஒரு வாரம் பிந்தினால் பாவமா?” என்று அவர் கேட்கிறார்.

கேள்வி நேர்மையானது. ஆனால் உபாகமம் 24:15 அதை முன்பே எதிர்பார்த்து எழுதியதுபோல் இருக்கிறது. கூலி எவ்வளவு என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. எப்போது என்று சொல்கிறது. பொழுது இறங்கும் முன் கொடுத்துவிட வேண்டும். காரணமும் சொல்கிறது: அவன் ஏழை, அந்தக் கூலியின் மேலேயே மனதை வைத்திருக்கிறான். விலை ஏறி இறங்குகிற ஆபத்தை, அதைத் தாங்கத் திராணியே இல்லாதவளின் தலையில் இறக்கி வைக்காதே என்பதுதான் அதன் பொருள். சந்தை சரிந்தால் தோட்டக்காரர் காயை ஸ்டோரில் இருப்பு வைக்கலாம், வங்கியில் அவகாசம் கேட்கலாம். அவளுடைய அடுப்பில் எதை இருப்பு வைப்பது? அவள் வட்டிக்குத்தான் போவாள். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விலை உச்சத்தில் இருந்த நாட்களில் கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. நட்டத்தைப் பங்கு போட அழைக்கிறவர்கள் லாபத்தின்போது அவளை அழைத்திருக்க வேண்டும்.

திராட்சத் தோட்டத்து வேலையாட்களின் உவமையை நாம் கடைசி நேரத்தில் கிடைக்கிற இரட்சிப்புக்காக மட்டும் பிரசங்கிக்கிறோம். அந்தப் பொருளும் அதில் உண்டு. ஆனால் மத்தேயு 20இல் அந்த எஜமான் சாயங்காலம் ஆனவுடனே கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கூலியைக் கொடுக்கச் சொல்கிறான். உபாகமத்தின் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுகிற ஆள் அவன். கடைசி ஒரு மணி நேரம் மட்டும் உழைத்தவனுக்கும் முழு நாள் கூலி. வேலை கிடைக்காத நாளிலும் வயிறு முழு நாளுக்குத்தான் பசிக்கும் என்று தெரிந்த எஜமான். இதைக் கேட்டு ஒரு கிறிஸ்தவத் தோட்டக்காரருக்குப் பரலோகம் மட்டும் நினைவுக்கு வந்து தன் ஆட்களின் வருகையை எழுதும் மஸ்டர் புத்தகம் நினைவுக்கு வரவில்லை என்றால், உவமை அவரிடம் பாதி தூரம்தான் போயிருக்கிறது.

ஜீப்பைப் பற்றியும் சொல்லாமல் போக முடியாது. மலை ஏறுகிற எத்தனையோ வண்டிகளின் முகப்பில் சங்கீதம் 91இன் வசனம் ஒட்டியிருக்கிறது: வழிகளிலெல்லாம் காக்கும்படி தூதர்களுக்குக் கட்டளையிடுவார் என்ற வாக்கு. அந்த வசனத்துக்குக் கீழே, உட்கார வேண்டியவர்களைப்போல இரண்டு பங்கு பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு வளைவுகளில் வண்டி போகிறது. தோட்டத்துக்கு நேரத்துக்கு ஆள் வர வேண்டும், நடைக்கு நடை வாடகை கட்டுப்படியாக வேண்டும். விபத்து நடந்தால் ‘தேவ சித்தம்’ என்று அடக்க ஆராதனையில் சொல்லுகிறோம். அதே வசனத்தை இயேசுவிடம் எடுத்துச் சொன்னவன் யார் என்று மத்தேயு 4இல் இருக்கிறது. தேவாலயத்து உப்பரிகையில் அவரை நிறுத்தி, கீழே குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று சங்கீதம் 91ஐக் காட்டியவன் சாத்தான். கர்த்தரைப் பரீட்சை பார்க்காதே என்பது இயேசுவின் மறுமொழி. அளவுக்கு மீறி ஆள் ஏற்றிவிட்டு அந்த வசனத்தைச் சார்ந்திருப்பது அதே பரீட்சைதான். வேதம் காட்டுகிற வழி வேறு. புது வீடு கட்டினால் மெத்தைக்குக் கைப்பிடிச் சுவர் கட்டு, யாராவது விழுந்து இரத்தப்பழி உன் வீட்டின் மேல் வரக் கூடாது என்கிறது உபாகமம் 22:8. அந்தக் கைப்பிடிச் சுவருக்கு இந்த மலையில் பெயர், இன்னொரு ஜீப். ஆளுக்கு ஓர் இருக்கை. தேய்ந்த டயரை மாற்றுவது. இவற்றுக்குப் பணம் செலவிடுகிற தோட்டக்காரர் வசனத்தைக் கைக்கொள்கிறார்.

தொழிலாளிகளிடம் போகும்போது மட்டும் நம் பிரசங்கம் வேலை இடத்தைப் பற்றித் தாராளமாகப் பேசும். வேலைக்காரரே, எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்ற கொலோசெயர் மூன்றாம் அதிகாரத்துப் போதனை எஸ்டேட் ஜெபக் கூட்டங்களுக்கு மிகப் பழக்கமானது. எஜமான்களுக்கு நேரே பவுல் அடுத்த வார்த்தையிலேயே திரும்புகிறார்: நீதியும் செவ்வையுமானதைக் கொடுங்கள், உங்களுக்கும் மேலே ஓர் எஜமான் இருக்கிறார். பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு வேதத்தை அதிகாரம் அதிகாரமாகப் பிரித்தபோது, அந்த வசனம் நான்காம் அதிகாரத்தின் முதல் வசனமாகப் போய் விழுந்தது. நாளுக்கு ஓர் அதிகாரம் வாசிக்கிறவர் வேலைக்காரனின் கடமையோடு புத்தகத்தை மூடுகிறார். ஒரு போராட்டத்தை நினைத்துப் பாருங்கள். 2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலை பறிக்கிற பெண்கள் ‘பெண்கள் ஒற்றுமை’ என்று தாங்களே கூடி, சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டு, 20 சதவீத போனசுக்காகச் சாலையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். அன்று அவர்கள் நாள் கூலி 232 ரூபாய். ஒன்பது நாளில் கேட்ட போனஸ் வந்தது. அவர்கள் கீழ்ப்படியாமல் போனார்கள் என்று சொல்லத் துடிக்கிற நாக்கு, கொலோசெயர் 4:1ஐயும் சேர்த்து வாசித்துவிட்டு அசையட்டும்.

“மனிதன் மாறினால் எல்லாம் தானாக மாறும், ஆத்துமாவைப் பாருங்கள், அமைப்பைப் பார்க்காதீர்கள்” என்பதுதான் எதிர்த் தரப்பின் பலமான வாதம். நல்ல எண்ணத்தோடு சொல்கிறவர்கள் பலர். ஆனால் நம்முடைய சொந்தச் சபை வரலாறு அதை மறுக்கிறது. 1834இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்க மிஷன்தான் இந்தப் பக்கத்து ஊர்களில் பள்ளிகளையும் சபைகளையும் வைத்தது. அந்தச் சபைகளில் ஞானஸ்நானம் பெற்றவர்கள், வேதம் கற்றவர்கள், உபதேசியார்களாகச் சம்பளம் வாங்கியவர்கள்கூட, கீழ்ச்சாதி என்று கருதப்பட்டவர்கள் சமைத்ததைச் சேர்ந்து உட்கார்ந்து உண்ண மறுத்தார்கள். ஜெபிக்கத் தெரியும், பாடத் தெரியும். பந்தியில் மட்டும் உட்கார முடியவில்லை. தானாக மாறும் என்று மிஷன் பத்தாண்டுக்கு மேல் காத்திருந்தது, மாறவில்லை. 1847இல் சாதியை விடாதவருக்குச் சபையில் இடமில்லை என்று முடிவெடுத்து, மிஷன் ஊழியர்கள் உட்படப் பலரை விலக்கி வைத்தார்கள். அந்நிய மிஷனரிகளின் அதிகாரத்தைப் பற்றி எனக்குக் குறை சொல்ல நிறைய உண்டு. இந்த இடத்தில் அவர்கள் பவுலின் வழியில் நடந்தார்கள். அந்தியோகியாவில் பேதுரு பந்தியை விட்டு விலகியபோது, பவுல் அதைச் சாப்பாட்டு விஷயம் என்று விடவில்லை. சுவிசேஷத்தின் சத்தியத்துக்கே மாறான நடை என்று எல்லார் முன்னிலையிலும் எதிர்த்தார். பேதுரு மனம் திரும்பாதவரா? பெந்தெகொஸ்தே நாளில் பிரசங்கித்தவர். மனம் திரும்பியவருக்கும் பந்தியைப் பற்றித் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருந்தது. இன்றும் தமிழ்நாட்டில் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கிற கிறிஸ்தவ ஊர்கள் இருக்கும்போது, ‘தானாக மாறும்’ என்று எந்த முகத்தோடு சொல்வது?

வேதத்திலிருந்தே அவர்கள் எடுத்துக் காட்டக்கூடிய பலமான இடம் லூக்கா 12. சொத்தைப் பாகம் பிரித்துத் தரச் சொல் என்று ஒருவன் கேட்டபோது, என்னை உங்களுக்கு நடுவனாக வைத்தது யார் என்று இயேசு மறுத்துவிட்டார். உண்மை. மறுத்தவுடனே அவர் என்ன செய்தார் என்றும் பார்க்க வேண்டும். நன்றாய் விளைந்த நிலத்தின் சொந்தக்காரன் ஒருவன் பழைய களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டம் போட்டு, அன்று இரவே செத்துப்போன கதையைக் கூட்டத்துக்குச் சொன்னார். வழக்கைத் தீர்க்கிற வேலையைத்தான் மறுத்தார், நிலத்தையும் விளைச்சலையும் பற்றிப் பேசுவதை மறுக்கவில்லை. இப்படிப் பேசினால் கம்யூனிசம் என்று பெயர் வைக்கிறவர்கள், மல்கியாவும் யாக்கோபும் எந்தக் கட்சியின் உறுப்பினர்கள் என்று சொல்லட்டும்.

சபைக்கு ஒழுங்காக வருவதே போதும் என்றால் ஆமோஸ் காலத்து வியாபாரிகள் நீதிமான்கள். அவர்கள் ஓய்வுநாளில் கடை திறக்கவில்லை. அது எப்போது முடியும், மரக்காலைச் சிறிதாக்கி எடைக்கல்லைப் பெரிதாக்கி, பதரையும் தானியத்தோடு விற்கலாம் என்று காத்திருந்தார்கள். கர்த்தர் அவர்கள் செயல்களை ஒருக்காலும் மறப்பதில்லை என்று ஆணையிட்டார். பசுமை நிறத்துக்காக ஏலக்காயில் சாயம் ஏற்றக் கூடாது என்று நறுமணப் பொருள் வாரியம் எச்சரிக்க வேண்டியிருக்கிற தொழிலில், இது நமக்கு எழுதிய அதிகாரம்.

யோவான் ஸ்நானகனிடம் வந்தவர்கள், நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். லூக்கா மூன்றாம் அதிகாரத்தில் அவர் அவரவர் தொழிலைப் பார்த்துப் பதில் சொன்னார். இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும். வரி வசூலிக்கிறவன் குறித்ததற்கு மேல் வாங்காதிருக்கட்டும். போர்ச்சேவகன் மிரட்டிப் பறிக்காமல் தன் சம்பளத்தோடு இருக்கட்டும். யாரையும் ஜெபத்தைக் கூட்டச் சொல்லி அனுப்பவில்லை. போடியிலிருந்து உடும்பன்சோலை வரை இதே கேள்வியைக் கேட்கிறவர்களுக்கும் அதே விதத்தில் பதில் சொல்லலாம். கண்டக்டர், விடுப்பு கேட்கிற பெண்ணிடம் மரியாதையாகப் பேசி, அவள் வந்த நாளை வந்த நாளாக மஸ்டரில் எழுதட்டும். பச்சைக்காய் வாங்குகிறவர் தராசை விவசாயியின் கண் முன்னால் வைக்கட்டும். வட்டிக்குக் கொடுக்கிறவர் நெகேமியா ஐந்தாம் அதிகாரத்தை வாசித்துவிட்டு, ரேஷன் அட்டையையும் ஏ.டி.எம். அட்டையையும் அடகு வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுக்கட்டும். தோட்டக்காரர் தன் வேலியோரத்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டட்டும். மழைக்கு ஒதுங்கக் கூரையும் குழந்தையைப் படுக்க வைக்க இடமும் தரட்டும். தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இலேயே பெரிய தோட்டங்களிடம் இத்தகையவற்றைக் கேட்டது. வசனத்தின்படி நடக்கிறவர் தோட்டம் சிறியது என்று சட்டத்தின் விளிம்பில் ஒளிந்துகொள்ள மாட்டார்.

போதகருக்கும் ஒரு பதில் உண்டு. கமிட்டியில் இருக்கிற தோட்டக்காரரின் மனம் நோகும் என்ற பயம் அவருக்கு இருப்பது எனக்குத் தெரியும், அந்தப் பயத்தை நான் இழிவாக நினைக்கவில்லை. ஆனாலும் மல்கியா மூன்றாம் அதிகாரத்தை அடுத்த முறை திறக்கும்போது ஐந்தாம் வசனத்திலிருந்து வாசிக்கத் தொடங்கட்டும். ஏலக்காயும் மிளகும் பீடத்துக்கு முன் குவிகிற அறுப்பின் பண்டிகையில், காணிக்கை எடுப்பதற்கு முந்தைய ஞாயிறே ஓர் அறிவிப்பு செய்யட்டும்: யாருக்காவது கூலி பாக்கி வைத்திருப்பவர், மத்தேயு 5:23, 24இன்படி தம் காணிக்கையை வீட்டிலேயே வைத்துவிட்டு முதலில் அவள் வீட்டுக்குப் போய்ப் பாக்கியைக் கொடுத்துவிட்டு, பிறகு ஆராதனைக்கு வரலாம்.